மூச்சு வாங்கும் இடத்தில் பெர்னதெத்

1997 ஜனவரி கடைசி வாரத்தில், ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பன்னிரண்டாம் நாள், சேலத்திலிருந்து சென்னைக்கு ரயில் ஏறினேன். கோயில் பார்ப்பதற்கோ கடற்கரை பார்ப்பதற்கோ போகவில்லை. ஒரு கேசட்டில் நான் கேட்ட குரல் யாருடையது என்பதைத் தெரிந்துகொள்ளப் போனேன். தெரிந்துகொள்ள என்பதுகூடச் சரியில்லை. எனக்குத் தெரியும். மற்றவர்கள் ஒப்புக்கொள்ள ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

ஒரே நாள் பயணம் இது. மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரத்தின் ஆற்றோரம், தியாகராய நகர். மூன்றையும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் வராது. பழைய பாட்டுக்காரர்களின் தடம் தேடிப் போக வேண்டும், எப்படிப் போவது என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்காக என் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேரமும் தூரமும் நோட்டில் உள்ளபடி. கட்டணங்கள் அந்த வருடத்தவை, இன்றைக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பெர்னதெத் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. 1968இல் ஆலை நிர்வாகம் என்னை ஆறு மாதப் பயிற்சிக்குக் கிண்டி தொழிற்பேட்டைக்கு அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மவுண்ட் ரோட்டில் ஒரு ஓட்டலில் பேண்டு வாசிப்பார்கள். பத்து மணி முதல் ஒரு மணி வரை. இரண்டு ரூபாய் டிக்கெட், அதில் ஒரு கோல்டு காபியும் சேர்த்தி. நான் போனது கோல்டு காபிக்காகத்தான். கண்ணாடிக் கோப்பையில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தபோது, நீலப் புடவை கட்டிய ஒரு கறுத்த பெண் மைக்கின் முன்னால் வந்து நின்றார். வாயைத் திறந்தார். அதன்பின் நான் கோப்பையைத் தொடவில்லை.

அவர் பாடியது சோல் என்ற வகைப் பாட்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் மாதா கோயிலில் பாடியதைத் தெருவுக்குக் கொண்டுவந்து, காதலையும் கோபத்தையும் அதே உருக்கத்தோடு பாடினார்கள். அதுதான் சோல். ஆன்மா என்று மொழிபெயர்த்தால் சாமியார் சமாசாரம் போல ஆகிவிடும், அதனால் சோல் என்றே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அந்த ஆறு மாதத்தில் அந்தப் பெண்ணின் பாட்டுகளைக் கேட்டுத்தான் இங்கிலீஷ் கற்றேன். நடைபாதைக் கடையில் ஒரு பழைய புத்தகம் வாங்கி, மேற்கத்திய இசைக்குறியீடும் நானே படித்துக்கொண்டேன். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வரியின் கடைசிச் சொல்லை விடமாட்டார். மற்றவர்கள் முடித்துவிட்டு மூச்சு வாங்கும் இடத்தில் இவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, மூன்று படி கீழே இறங்கி, இருட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். அப்படித்தான் எனக்குத் தோன்றும்.

பிறகு நான் ஊர் திரும்பினேன். ஓட்டல்களில் பேண்டு நின்றுபோனது. பெர்னதெத் என்ற பெயரை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. இருபது வருடம் போயிற்று. 1989இல் சேலம் பேருந்து நிலையத்தில் ஓடாத படம் ஒன்றின் கேசட்டைப் பதினெட்டு ரூபாய்க்கு வாங்கினேன். ஏ பக்கம் மூன்றாவது பாட்டு. மழையைப் பற்றியது, மெதுவானது. பாடியவர் பெரிய பாடகி. அவர் மூச்சு வாங்கும் இடத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல, இன்னொரு குரல் கேட்டது.

சொன்னேன். டேப் தேய்ந்துபோயிருக்கிறது என்றார் என் மனைவி. இன்னொரு கேசட் வாங்கினேன், அதிலும் கேட்டது. தறி ஓடும் இரைச்சலில் முப்பது வருடம் இருந்த காது என்றார்கள் ஆலையில். பத்திரிகைகளுக்கு எழுதினேன். ஒன்று மட்டும் பதில் போட்டது, ‘தங்கள் கற்பனை வளத்துக்குப் பாராட்டுகள்’ என்று. ஏழு வருடம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்வதை நிறுத்தவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம், ஒரு பழைய பத்திரிகை மலரில் அந்த ஓட்டல் பேண்டின் படம் கிடைத்தது. பியானோ சேஷாத்ரி என்று ஒரு பெயர் இருந்தது. ‘பியானோ சேஷாத்ரி, குளத்துக்கு அருகில், மயிலாப்பூர்’ என்று மட்டும் எழுதிக் கடிதம் போட்டேன். தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். பதில் கார்டு வந்தது: பெர்னா போய் இரண்டு வருஷம் ஆகிறது, பேச வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையில் வாங்கோ.

ஆக, நான் தேடிப் போனவர் உயிரோடில்லை என்பது கிளம்பும்போதே தெரியும்.

ரயில் சென்ட்ரலுக்கு வந்தபோது மணி 5.50. சேலத்திலிருந்து 334 கிலோமீட்டர், படுக்கை வசதியோடு நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். பையில் ஒரு வேட்டி, கையடக்க டேப் ஒன்று, நான்கு பேட்டரி, இரண்டு கேசட். சென்ட்ரல் எதிரிலிருந்து மயிலாப்பூருக்குப் பேருந்து, இரண்டரை ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். பேருந்தில் ஆறு பேர்தான் இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே பனி. தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன, ஆனால் வெளிச்சம் தரையைத் தொடவில்லை. பாதித் தூக்கத்தில், ஓட்டல் வாசல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. அவற்றில் ஒன்றுக்குள் நான் இன்னும் இருபத்தொன்பது வயதில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

மயிலாப்பூர் குளத்தில் அந்த வருடம் தண்ணீர் நிறைய இருந்தது. கோபுரம் அதில் தலைகீழாக நின்றது. ஒருவர் படியில் இறங்கிக் கால் நனைத்ததும் கோபுரம் முழுவதும் நெளிந்து, மெல்லப் பழையபடி கூடியது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட வீதியில் இட்லி, வடை, காபி எல்லாம் சேர்த்துப் பதினோரு ரூபாய். காபி நன்றாக இருந்தது. டிசம்பரில் போகாதீர்கள். அந்த மாதம் மயிலாப்பூருக்கு ஒரே வகை இசைதான் காதில் விழும். வேறு பாட்டு பற்றி விசாரித்தால், வழி தெரியாமல் வந்துவிட்டவனைப் போலப் பார்ப்பார்கள்.

சேஷாத்ரியின் வீடு குளத்திலிருந்து நானூறு அடி. எழுபதைத் தாண்டியவர், ஒல்லி, விரல்கள் மட்டும் நீளம். கூடத்தில் பியானோ இருந்தது, மேலே ஊறுகாய் ஜாடிகள்.

“வாங்கோ, வாங்கோ. சேலத்துக்காரர்தானே? ஆத்துல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருக்கா. காபி நான்தான் போடணும், சுமாரா இருக்கும், பொறுத்துக்கோங்கோ” என்றார்.

சுமாராகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னவற்றை நான் வேறு எங்கும் கேட்டிருக்க முடியாது. பெர்னதெத்தின் அப்பா அந்த ஓட்டலில் சமையல்காரர். வீடு சாந்தோம் பக்கம். சின்ன வயதில் மாதா கோயில் பாடற்குழுவில் இருந்தார். கப்பலில் வந்த யாரோ ஒரு மாலுமி, மீன் குழம்புக்கு நன்றியாக, நாலு இசைத்தட்டுகளை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் கிராமபோன் கிடையாது. மகள் ஓட்டல் மேனேஜர் அறைக்கு வெளியே நின்று, அங்கே அதைப் போடும்போதெல்லாம் கேட்டுக் கற்றார்.

“குறியீடு ஒண்ணும் தெரியாது அவளுக்கு. நான் வாசிச்சிண்டே இருப்பேன், அவ பாட்டுக்கு எங்கேயோ போயிடுவா. எங்கே போறேடின்னு கேட்டா, நீ வாசி மாமா, நான் வந்துடறேன்னுவா. கரெக்டா வந்துடுவா!”

ஒரு வருடம் தமிழ் வரிகளை அந்த முறையில் பாடிப் பார்த்தாராம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சிரித்தது. ஏதோ ஒரு குரல் தேர்வுக்குப் போனார். தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் ‘குரலில் பெண்மை போதவில்லை’ என்று எழுதி அனுப்பினார்கள். அந்தத் தாளைப் படித்துக் காட்டும்படி சேஷாத்ரியிடம்தான் கொண்டுவந்தாராம். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை, தணிய வேண்டிய அவசியமும் இல்லை.

பேண்டு கலைந்ததும் பெர்னதெத் சினிமாவுக்குக் கோரஸ் பாடினார். எண்பதுகளின் கடைசியில் ட்ராக் பாடும் வேலை வந்தது. தெரியாதவர்களுக்காக: பெரிய பாடகிக்கு நேரம் இல்லாததால், முதலில் வேறு ஒருவர் பாட்டு முழுவதையும் பாடிப் பதிவு செய்துவிடுவார். அதுதான் ட்ராக். பெரிய பாடகி பிறகு வந்து, அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே தன் குரலில் பாடுவார். அவர் குரல் நிற்கும், ட்ராக் குரல் அழிக்கப்படும். ட்ராக் பாடியவருக்குக் கூலி உண்டு, கேசட் உறையில் பெயர் கிடையாது. யாரும் இதைத் தவறாக நினைக்கவில்லை. வேலை முறையே அதுதான்.

நான் என் கேசட்டை எடுத்தேன். மூன்றாவது பாட்டைப் போட்டேன். சேஷாத்ரி கண்ணை மூடிக் கேட்டார்.

“இது எக்கோ, ஸ்வாமி. அந்தம்மாவோட குரலே திரும்பி வருது.”

“இல்லை. பெர்னதெத்.”

“எத்தனையோ வருஷம் அவளோட வாசிச்சவன் சொல்றேன்.”

“நீங்கள் வாசித்தீர்கள். நான் கேட்டேன்.”

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். பிறகு அவராகவே ஒன்றை நினைவுபடுத்திக்கொண்டார். “ஆனா ஒண்ணு. அந்தப் படத்துக்கு ட்ராக் பாடினது பெர்னாதான். எந்தப் பாட்டுன்னு ஞாபகமில்லை. அப்புறம், அந்தப் பெரிய பாடகி ரெண்டு காதுலயும் ஹெட்ஃபோன் போட்டுக்க மாட்டா. ஒண்ணை வெளில தள்ளி வெச்சுப்பா, தன் குரல் தனக்குக் கேக்கணும்னு. வெளில இருக்கிற அந்தப் பக்கம் சும்மா இருக்குமோ? அதுலேர்ந்து ட்ராக் கசிஞ்சுண்டே இருக்கும். மைக்கு அதையும் பிடிச்சுக்கும். இவ பாடறச்சே தெரியாது. மூச்சு வாங்கறச்சே தெரியும்.”

ஏழு வருடம் நான் சொல்லிவந்ததற்கு முதல் தடவையாக ஒருவர் காரணம் சொன்னார். அப்போது மணி 10.40. நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

பெர்னதெத்தின் மகள் ஸ்டெல்லா ராஜா அண்ணாமலைபுரத்தில் துணி தேய்க்கிறார் என்றும், தி.நகரில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருக்கும் ஜாஃபர் பாய் முன்பு ஸ்டுடியோவில் டேப் உதவியாளராக இருந்தவர், நல்ல கருவிகள் வைத்திருக்கிறார் என்றும் சொல்லி அனுப்பினார். வாசல் வரை வந்து, “எக்கோதான் அது” என்றார் மறுபடியும். நானும் மறுபடியும் இல்லை என்றேன்.

மயிலாப்பூரிலிருந்து நடந்தேன். இரண்டரை கிலோமீட்டர், நாற்பது நிமிடம். நிழலான சாலைகள், மதில்களுக்கு மேல் காகிதப்பூ. தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் கீழே இஸ்திரி வண்டி நின்றது. கரிப்பெட்டியிலிருந்து சாம்பலை ஊதிவிட்டு, நாற்பது வயதுப் பெண் ஒருவர் நிமிர்ந்தார். என் கையிலிருந்த நோட்டைத்தான் முதலில் பார்த்தார்.

“இன்னா சார், கணக்கெடுக்க வந்தியா? போன மாசம்தான் ஒருத்தர் வந்து வூட்டுக் கதவுல நம்பர் எழுதிக்கினு போனாரு.”

அவர் வீடு கொஞ்சம் தள்ளி அடையாற்றின் கரையில் இருந்தது. அந்தக் கரையிலிருந்தவர்களை ஊருக்கு வெளியே அனுப்பப் போவதாகப் பேச்சு இருந்த காலம். கணக்கெடுக்க வரவில்லை, உங்கள் அம்மா பாடிக் கேட்டவன் என்றேன். பெட்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்க கேட்ட? சாவு வூட்லயா? அது கடைசில ஜெப கூட்டத்துலயும் சாவு வூட்லயும்தான் பாடிக்கினு இருந்துச்சு.”

ஓட்டலில் என்றேன். நீலப் புடவை என்றேன். ஒரு சட்டைக் காலரை இரண்டு முறை தேய்த்தார். அம்மாவின் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது என்றார். கல்யாணத்தில் அம்மா பாடியதை யாரோ கேசட்டில் பிடித்துக் கொடுத்திருந்தார்கள், ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்த வருடம் அது போய்விட்டது. வேறு எதுவும் இல்லை. அப்போதுதான் அதைச் சொன்னார்:

“மூஞ்சி நெனப்பு கீது சார். கொரலு போய்டுச்சு. கனவுல வருது, என்னாண்டயே குந்திக்கினு பேசுது, வாய் அசையுது, சத்தமே வரல. இன்னாம்மா சொல்றன்னு கேட்டுக்கினே முழிச்சிக்கிறேன். பெத்தவ கொரலு மறந்து போவுமா சார்? எனக்குப் போய்டுச்சு.”

என் பையில் ஏழு வருடமாக நான் வாதாடிவந்த கேசட் இருந்தது. அதற்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கக்கூடும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. அம்மா ட்ராக் பாடிய பாட்டுகளைக் கேட்டதில்லையா என்றேன். “என் பேரு இல்லாத பாட்ட நீ ஏன் கேக்குறன்னும். கேக்க வுடாது” என்றார். வண்டிக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த கணவரிடம் பெட்டியைக் கொடுத்தார். “நாலாவது மாடி டாக்டர் வூட்டு சட்டைய கருக்கிடாத” என்று சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு என்னோடு வந்தார்.

ஆட்டோக்காரரிடம் தி.நகர், பாண்டி பஜாருக்குப் பின்னால் என்றேன்.

“நாப்பது குடு நைனா.”

“மீட்டர் போடு.”

“மீட்டருக்கு மாலை போட்டுக்கீறேன், பாக்கல?” உண்மையிலேயே மாலை போட்டிருந்தார், காய்ந்த சாமந்தி.

ஸ்டெல்லா பின்னாலிருந்து வந்தார். “இன்னாடா ஆறுமுகம், என்னாண்டயே நாப்பதா? நேத்து உன் மச்சான் கல்யாணத்துக்கு உன் சட்டைய யாரு தேச்சிக் குடுத்தது?”

“அக்கா வருதுன்னு சொல்லக்கூடாதா பெர்சு!” இருபத்தைந்து ரூபாய். ஐந்து கிலோமீட்டர், பதினெட்டு நிமிடம். நந்தனத்தில் சிக்னல் விழுந்தது. கல்லூரி மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், தூரத்தில் மட்டை பந்தைத் தொட்டு, அரை நொடி கழித்துத்தான் சத்தம் வந்தது. ஸ்டெல்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெக்கார்டிங் சென்டர் என்றால் இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால், தட்டிலிருந்தோ டேப்பிலிருந்தோ கேசட்டில் பதிந்து தருவார்கள். ஜாஃபர் பாயின் கடை, சந்துக்குள் மாடிப்படிக்குக் கீழே, எட்டடிக்கு ஆறடி. சுவர் முழுக்கக் கேசட். இரண்டு பெரிய டேப் கருவிகள், வரிசையாகக் குமிழ்கள் கொண்ட ஆம்ப்ளிபையர், கனமான ஹெட்ஃபோன். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

“கசிவுதானே? இருக்கும் பெரியவரே. ஸ்டுடியோல எவ்ளோ பார்த்திருக்கேன். சில கேசட்டுல டீ கொண்டாந்தவன் செருப்புச் சத்தம்கூட இருக்கும். போடுங்க, பார்ப்போம்.”

மூன்றாவது பாட்டு. ஹெட்ஃபோனை ஸ்டெல்லாவுக்கு மாட்டிவிட்டார். பாய் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகினார். நான் ஸ்டெல்லாவின் முகத்தையே பார்த்தேன். பாட்டு முடிந்தது.

“இது எங்கம்மா இல்ல சார்.”

“சரியாகக் கேளுங்கள்.”

“கேட்டேன். அந்தம்மா கொரலேதான் திரும்ப வருது.”

பாய் வாங்கிக் கேட்டார். “எக்கோ பெரியவரே. ட்ராக் இல்ல.”

மறுபடி போடச் சொன்னேன். போட்டார். அதே பதில். உங்களுக்கு இரண்டு வருடத்தில் மறந்துபோயிருக்கிறது, எனக்கு இருபத்தெட்டு வருடமாக மறக்கவில்லை என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் பாயிடமிருந்து ஹெட்ஃபோனை வாங்கிக்கொண்டார். “நீ போய் டீ குடிச்சிட்டு வா சார்” என்றார். நான் வெளியே வந்தேன்.

சந்து முனையில் டீ ஒன்றரை ரூபாய். சனிக்கிழமைக் கூட்டம் உஸ்மான் ரோட்டிலிருந்து பொங்கி வந்துகொண்டிருந்தது. புடவைப் பைகள், பூ, பலூன். வெயில் புழுதியில் பட்டு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிய கூட்டம் என்னைத் தொடாமல் இருபுறமும் பிரிந்து போனது. எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று நோட்டில் இல்லை. டீ ஆறிவிட்டிருந்தது.

திரும்பி வந்தபோது கேசட்டைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். பி பக்கம், இரண்டாவது பாட்டு. கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கேலி செய்யும் பாட்டு. தாளம் தடதடவென்று ஓடும், வரிகள் அசட்டுத்தனம். அந்தக் கேசட் என்னிடம் இருந்த ஏழு வருடத்தில் அந்தப் பாட்டை நான் முழுதாகக் கேட்டதில்லை. முதல் வரியிலேயே ஓட்டிவிடுவேன்.

நான் வாயைத் திறந்தேன். ஸ்டெல்லா பேசாதே என்று கையைத் தூக்கினார். அவர் கண் மூடியிருந்தது. பாய் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், என்னைப் பார்க்கவில்லை. பாட்டு முடியும் வரை அந்தக் கை இறங்கவே இல்லை.

முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “ரெண்டாவது அடி முடியற எடம். கேளு. சிரிக்குது பாரு. மாப்ளைக்கு மீசை வரையறாங்களே, அந்த வரிக்கு அதுக்கு சிரிப்பு தாங்கல.”

மாட்டிக்கொண்டேன். பெரிய பாடகி மீசை வரியை முடித்து மூச்சு வாங்கினார். அந்த மூச்சுக்குள், வெகு தூரத்தில், கடைசிச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டு ஒரு குரல் மூன்று படி இறங்கியது. இறங்கி, அங்கே நின்று, அடக்கிய சிரிப்பு ஒன்று உடைந்தது. அதற்குள் பெரிய பாடகி அடுத்த வரியைத் தொடங்கிவிட்டார், மூடிக்கொண்டது. அப்படி நான்கு இடங்கள். கோல்டு காபியின் ஐஸ் கரைந்த காலையிலிருந்து எனக்கு அந்தக் குரலில் சந்தேகம் வந்ததில்லை, அன்றும் வரவில்லை. இடம்தான் வேறாக இருந்தது.

உடனே எனக்கு ஒன்று தோன்றியது. பாயிடம் கேட்டேன், அந்த நான்கு இடத்தை மட்டும் எடுத்து ஒட்ட முடியுமா என்று. முடியும் என்றார். நான்கையும் சேர்த்து ஒன்பது விநாடி. அதையே திரும்பத் திரும்பப் பதிந்தால் ஒரு பக்கம் முழுக்கப் பெர்னதெத் மட்டும் இருப்பார். அந்தப் பெரிய பாடகி இருக்க மாட்டார். வாழ்நாளெல்லாம் பெயர் போட்டுக்கொண்டவரை ஒரே ஒரு கேசட்டிலாவது வெளியே அனுப்பலாம். அதை நான் மிகவும் விரும்பினேன்.

“வேணாம் பாய்” என்றார் ஸ்டெல்லா.

ஏன் என்றேன். வெட்டினால் அம்மா தெளிவாகக் கேட்பாரே.

“நடுவுல அந்தம்மா பாடட்டும் சார். எங்கம்மா அந்தம்மாவுக்குத்தான சொல்லிக் குடுத்துக்கினு கீது. அந்தம்மா மூச்சு வாங்குது, எங்கம்மா வாங்கல. அதையும் எடுத்துட்டா எங்கம்மா யாராண்ட பாடும்?”

பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். சொல்வதற்கு இருந்தது, ஆனால் சொல்லவில்லை. அறுபது நிமிடக் கேசட்டின் இரண்டு பக்கமும் அந்தப் பாட்டையே முழுதாகப் பதிந்து கொடுத்தார். கேசட்டோடு சேர்த்து இருபத்திரண்டு ரூபாய் சொன்னார். உறையில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். பாடியவர் என்ற இடத்தில் இரண்டு பெயர்களை எழுதச் சொன்னார் ஸ்டெல்லா, அம்மா பெயர் இரண்டாவதாக. முதலில் எழுதலாமே என்றேன். “மின்னாடி கேக்கறது அந்தம்மாதான?” என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் 5பி வரும் வரை நின்றோம். மூன்றாவது பாட்டிலும் உங்கள் அம்மா இருக்கிறார், நல்ல கருவியில் கேட்டால் தெரியும் என்றேன். “இருந்தா நல்லாத்தான் இருக்கும் சார், ஆனா இல்ல” என்று சொல்லிவிட்டுப் படியேறினார். கேசட் இடுப்பில் செருகியிருந்தது, மேலே ஒரு கையை வைத்துப் பிடித்திருந்தார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். சனிக்கிழமை நல்லது. பெரியவர்களைக் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் பாருங்கள், மதியத்துக்கு மேல் களைத்துவிடுவார்கள். மயிலாப்பூரிலிருந்து ராஜா அண்ணாமலைபுரத்துக்கு நடந்தே போங்கள், அந்தச் சாலைகளின் நிழல் பேருந்தில் கிடைக்காது. ஜாஃபர் பாயின் சந்து இருக்கிறது, கடை இல்லை. அங்கே இப்போது ஒரு நகைக்கடையின் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. ஆற்றோரத்து வீடுகளும் இல்லை. ஸ்டெல்லாவின் குடும்பத்தைத் தெற்கே ஊருக்கு வெளியே குடியேற்றிவிட்டார்கள், அங்கேயும் துணிதான் தேய்க்கிறார். நல்ல ஹெட்ஃபோன் எடுத்துச் செல்லுங்கள். எண்பதுகளின் கடைசியில் வந்த கேசட்டுகள் உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், மூச்சு வாங்கும் இடங்களைக் கேளுங்கள். உறையில் பெயரில்லாத எத்தனை பேர் அங்கே பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது பாட்டை நான் இன்றும் விட்டுக்கொடுக்கவில்லை.

பாட்டை முழுதாகக் கேளுங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் சென்ட்ரலில், ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நடைமேடையில் உட்கார்ந்து, மாப்பிள்ளைக் கேலிப் பாட்டை ஓட்டாமல் ஏழு தடவை கேட்டேன். ஆறு தடவை இடைவெளிகளுக்காகக் காத்திருந்தேன். ஏழாவது தடவை, இடையில் பாடியவரையும் கேட்டேன். அவர் நன்றாகத்தான் பாடியிருக்கிறார். இதை இதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை.